தண்ணியில ஓடுற மாவு மில் ஏன் லேட்டாச்சு?

உங்ககிட்ட ஒரு கேள்வி. ஓடுற தண்ணீரால் சக்கரத்தைச் சுற்றவிட்டு மாவு அரைக்கும் மில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே ரோமானியர்களுக்குத் தெரியும். ஆனா ஐரோப்பாவில் அது ஊர் ஊராகப் பரவியது பல நூறு வருஷம் கழிச்சு, இடைக்காலத்தில்தான். ஏன்?

மெக்கானிக்கல் பசங்க டிசைன்ல ஏதோ குறைன்னு சொல்வீங்க. மார்க் பிளாக் சொன்ன பதில் வேற. ரோமில் அடிமைகள் நிறைய இருந்தாங்க. அரைக்க ஆள் இருக்கும்போது மில் கட்டிச் செலவு செய்ய யாருக்கும் அவசரமில்லை. அடிமைகள் குறைந்த பிறகுதான் மில்லுக்குத் தேவை வந்தது. அப்புறம் நிலப்பிரபுக்கள், தங்கள் மில்லில்தான் அரைக்கணும், அதுக்குக் கூலியும் கொடுக்கணும்னு ஊரையே கட்டாயப்படுத்தினாங்க. 1935-ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்.

பிளாக் 1886-ல் பிரான்ஸின் லியோன் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பியவர், 1919-ல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இடைக்கால வரலாறு நடத்த ஆரம்பிச்சார். அங்கே சனிக்கிழமைகளில் வரலாறு, புவியியல், சமூகவியல், உளவியல்னு பல துறை ஆட்கள் ஒண்ணா உட்கார்ந்து விவாதிப்பாங்க. அங்கேயே வேலை பார்த்த நண்பர் லூசியன் ஃபெவ்ருடன் சேர்ந்து 1929-ல் அனால் என்ற ஆய்விதழைத் தொடங்கினார். பழைய நில வரைபடம், ஏர் வகை, வயலின் வடிவம் எல்லாமே அவருக்கு ஆதாரம்தான்.

1939-ல் அவருக்கு 53 வயசு, ஆறு பிள்ளைங்க. போருக்குப் போகணும்னு கட்டாயமே இல்லை. ஆனாலும் போனார். 1940-ல் பிரான்ஸ் தோற்றது. யூதர்களுக்கு எதிரான சட்டம் வந்தது. தான் தொடங்கிய இதழிலேயே தன் பெயரைப் போட முடியாமல் புனைபெயரில் எழுதினார். தன் நூலகம் பக்கத்தில் இல்லாத நிலையிலும், வரலாற்றால் என்ன பயன் என்று ஒரு நூல் எழுத உட்கார்ந்தார்.

அதை முடிக்கவில்லை. லியோனில் ஜெர்மானியர்களுக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்தவரை, 1944 மார்ச்சில் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். ஜூன் 16 அன்று மற்ற கைதிகளோடு சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பாதி நூல் 1949-ல் வெளிவந்தது.

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நாம எஃபிஷியன்சி கிராஃப் மட்டும் காட்டுறோம். அது யார் வேலையை எடுத்துக்கும், யாருக்கு லாபம், தேவைப்படாதவங்க ஏன் வாங்கணும்? பேனல்ல யாரும் கேட்க மாட்டாங்க. அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி நீங்களே கேட்டுப் பாருங்க.