பாம்பன் கடலில் ராஜா படகு
(பாஸ்கர சேதுபதி வாழ்க்கைக் குறிப்பு)



புதுக்கோட்டையில் ரயில் ஏறி ராமேஸ்வரம் போகிற எல்லோரும் பாம்பன் வந்ததும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்போம். போகும்போது இடது கைப்பக்கம் விரிந்து கிடப்பது பாக் விரிகுடா. நம்ம மாவட்டத்து ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் கரைகளில் அலை அடிப்பதும் இதே கடல்தான். தை மாதம் வாடைக்காற்று வீசினால் இந்தக் கடல் சும்மா இருக்காது. அப்படி ஒரு தை மாதப் பிற்பகலில், 1897 ஜனவரி 26-ல், ஒரு ராஜா தன் படகோடு விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தார். அவர்தான் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி.

பாஸ்கர சேதுபதி 1868-ல் பிறந்தார். தந்தை முத்துராமலிங்க சேதுபதி 1873-ல் காலமானார். ஐந்து வயதுப் பிள்ளையிடம் சமஸ்தானத்தைக் கொடுக்க முடியுமா? வெள்ளைக்கார அரசாங்கம் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையைச் சென்னையில் வைத்துப் படிக்க வைத்தது. இங்கிலீஷ் நன்றாகப் படித்தார். தமிழையும் விடவில்லை. 1889-ல் சமஸ்தானம் அவர் கைக்கு வந்தது.

1892 கடைசியில், காவி கட்டிய ஓர் இளம் துறவி நடந்தும் ரயிலிலுமாக மதுரைக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் சுவாமி விவேகானந்தர். அவர் பேச்சைக் கேட்ட சேதுபதி, அமெரிக்காவில் நடக்க இருந்த சர்வமத மகாசபைக்கு நீங்கள் போக வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தார். ராஜா ஒருவரே பணம் கொடுத்து அனுப்பினார் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியரும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் வீடு வீடாகப் போய் நிதி திரட்டினார்கள். ராஜஸ்தானத்து கேத்ரி மன்னரும் உதவினார். 1893 செப்டம்பர் 11-ல் சிகாகோவில் சுவாமி பேசியதை உலகமே அறியும்.

நாலு வருடம் கழித்து சுவாமி திரும்பி வந்தார். 1897 ஜனவரி 15-ல் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் பாம்பனுக்குப் புறப்பட்டார். பாம்பன் ரயில் பாலம் வந்ததே 1914-ல்தான். அதனால் அன்றைக்குத் தீவுக்குப் போக வர எல்லாமே படகுதான். சுவாமியோடு சேவியர் என்ற ஆங்கிலேயத் தம்பதியும், குட்வின் என்ற சுருக்கெழுத்தாளரும் வந்தார்கள். சுவாமியின் சொற்பொழிவுகள் இன்று நம் கையில் புத்தகமாக இருப்பதற்கு அந்தக் குட்வினின் பென்சிலும் ஒரு காரணம்.

பிற்பகல் சுமார் 3 மணிக்குக் கப்பல் பாம்பனுக்கு எதிரே வந்து நின்றது. ராஜாவே நேரில் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் சுவாமி கப்பலை விட்டு ராஜாவின் படகுக்கு மாறினார். 28 வயது மன்னர், தன் பரிவாரத்தோடு 34 வயதுத் துறவியின் காலில் விழுந்து வணங்கினார். கரை சேர்ந்ததும் வரவேற்புப் பந்தல், வாழ்த்து மடல். பிறகு சாரட்டு வண்டியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே இழுத்தார்கள். ராஜாவும் கூட நின்று வடம் பிடித்தார்!

மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் சுவாமி பேசினார். சிவனைக் கல்லில் மட்டும் பார்க்காதீர்கள், ஏழையிடமும் நோயாளியிடமும் பாருங்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். கேட்ட ராஜா சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறு போட்டுத் துணியும் கொடுத்தார். சுவாமி கால் வைத்த இடத்தில் 40 அடி உயரத்தில் நினைவுத் தூண் எழுப்பினார். அடுத்து ராமநாதபுரத்தை நெருங்கியபோது மறுபடியும் ஒரு படகுப் பயணம், இந்தத் தடவை பெரிய கண்மாயில்! கரையில் பீரங்கி முழங்கியது, வாணம் பறந்தது. சாரட்டில் சுவாமி வர, ராஜா நடந்து வந்தார்.

இதோடு முடித்தால் கதை இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதே 1897, மே மாதம், கமுதியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்குள்ள மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தவர் நுழைந்து வழிபட்டார்கள். நுழைந்தது தப்பு என்று கோர்ட்டுக்குப் போனவர், கோயிலின் பரம்பரை அறங்காவலரான இதே பாஸ்கர சேதுபதி! 1899-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் கதவு எல்லோருக்கும் திறக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜனவரியில் ஏழையிடம் சிவனைப் பார்த்தவர், மே மாதம் ஏன் பார்க்கவில்லை? பசித்தவனுக்குச் சோறு போடுவது ராஜாவுக்குச் சுலபம். பக்கத்தில் நின்று சாமி கும்பிட இடம் விடுவதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது. இதற்காக அவர் செய்த நல்லதை எல்லாம் அழித்துவிட முடியாது. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் வைத்தபோது துணை நின்றவர் இவர். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துக் கொடுத்தே கடன் ஏறி, நிர்வாகமும் கையை விட்டுப் போனது. 1903 டிசம்பர் 27-ல் 35 வயதிலேயே மறைந்தார்.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் முதல் முதலாகப் படிக்க வந்தவன் நான். நம்மில் பலரும் அப்படித்தான். நம்ம பாட்டன் பூட்டன் அன்றைக்குப் பாம்பன் கரையில் கூட்டத்தோடு நின்றிருக்கலாம், வண்டியின் வடத்தைக்கூட இழுத்திருக்கலாம். ராஜா படகில் அவர்களுக்கு இடம் இருந்திருக்காது. இன்று நமக்கு வகுப்பறையில் பெஞ்சு கிடைத்திருக்கிறது. டிப்ளமோ வாங்கி நாலு காசு பார்த்ததும் அன்னதானம் செய்வோம், நல்லதுதான். அதற்கும் மேலே ஒன்று உண்டு. நம்ம பக்கத்து இடத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் முகம் சுளிக்காமல் நகர்ந்து இடம் கொடுப்போம்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை