வயிற்றில் பையுடன் ஆடி பட்டம் வென்ற வீராங்கனை!

வயிற்றில் ஒரு துளை. அதன் மேல் ஒரு பை. மலம் அந்தப் பையில்தான் வந்து சேரும். அந்த நிலையில் ஒரு பெண் ஒரே நாளில் 36 குழிகள் கோல்ப் ஆடினார். அமெரிக்காவின் மிகப் பெரிய பெண்கள் கோல்ப் போட்டியில் பட்டமும் வென்றார்!

இது நடந்தது 1954-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி. அந்த வீராங்கனையின் பெயர் பேப் சகாரியாஸ். அப்போது அவருக்கு வயது 43.

தச்சரின் மகள்

பேப்பின் பெற்றோர் நார்வே நாட்டில் இருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பா தச்சு வேலை செய்தார். 7 பிள்ளைகளில் பேப் 6-வது. டெக்சாஸ் மாநிலத்தில் பியூமான்ட் என்ற ஊரில் வளர்ந்தார். பெற்றோர் வைத்த பெயர் மில்ட்ரெட். பிரபல பேஸ்பால் வீரர் பேப் ரூத்தைப் போல அடித்து ஆடியதால் "பேப்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்று அவர் சொல்வது உண்டு.

டல்லஸ் நகரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. உண்மையில், கம்பெனியின் கூடைப்பந்து அணிக்காகத்தான் அவரைச் சேர்த்தார்கள்.

1932-ம் ஆண்டு தேசிய தடகளப் போட்டி நடந்தது. கம்பெனியின் அணி என்று போய் இறங்கியவர் பேப் ஒருத்தர்தான். அவர் எடுத்தது 30 புள்ளிகள். இரண்டாவதாக வந்த அணியில் 22 பேர். அத்தனை பேரும் சேர்ந்து எடுத்தது 22 புள்ளிகள்!

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிவதிலும், தடை தாண்டும் ஓட்டத்திலும் தங்க மெடல் வாங்கினார். உயரம் தாண்டுவதில் முதலாவதாக வந்தவர் தாண்டிய அதே உயரத்தைத் தாண்டினார். ஆனால் தாண்டிய முறை சரியில்லை என்று கூறி வெள்ளி மெடல்தான் கொடுத்தார்கள்.

13 பெண்கள்

பிறகு கோல்ப் மட்டையைக் கையில் எடுத்தார். ஜார்ஜ் சகாரியாஸ் என்ற மல்யுத்த வீரரை 1938-ல் கல்யாணம் செய்துகொண்டார். 1947-ல் பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

அந்தக் காலத்தில் பெண்கள் கோல்ப் ஆடிப் பிழைப்பு நடத்துவது லேசான காரியம் அல்ல. 1950-ல் 13 பெண்கள் கூடி தொழில்முறை வீராங்கனைகளுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த 13 பேரில் பேப்பும் ஒருவர். அவர் ஆடுகிறார் என்றால் கூட்டம் திரளும்.

மறைத்த உண்மை

1953-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சொந்த ஊரில், தன் பெயரிலேயே நடந்த போட்டியில் ஜெயித்தார். ஆனால் உடம்பில் தெம்பே இல்லை. டாக்டரிடம் போனார். குடலில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது.

ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் துளை போட்டு, மலம் வெளியேற வழி செய்தார்கள். இனி பழையபடி போட்டிகளில் ஆட முடியாது என்றே டாக்டர்கள் நினைத்தார்கள்.

அதைவிடப் பெரிய உண்மை ஒன்றும் இருந்தது. நோய் மற்ற இடங்களுக்கும் பரவி விட்டது. இதைக் கணவர் ஜார்ஜிடமும், தோழி பெட்டி டாடிடமும் மட்டும் டாக்டர் சொன்னார். இருவரும் அதைப் பேப்பிடம் சொல்லவில்லை. நோய் போய்விட்டது என்றே அவர் நம்பினார்.

சுமார் மூன்றரை மாதத்தில் சிகாகோ அருகே போட்டிக்கு வந்து விட்டார். பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை. ஆட்டத்தின் நடுவே உட்கார்ந்து அழுதே விட்டார். ஆட்டத்தை விட்டுவிடும்படி ஜார்ஜும் பெட்டியும் கெஞ்சினார்கள். அவர் கேட்கவில்லை. கடைசி வரை ஆடி முடித்தார்.

5 பட்டங்கள்

அடுத்த ஆண்டு எல்லாரையும் அதிர வைத்தார். 1954 பிப்ரவரியில் மயாமி கடற்கரையில் முதல் வெற்றி. அதைத் தொடர்ந்து மேலும் 4 வெற்றிகள். ஆக அந்த ஆண்டில் 5 பட்டங்கள். முந்தைய ஆண்டு அழுத அதே சிகாகோ மைதானமும் அதில் ஒன்று!

எல்லாவற்றிலும் பெரியது, பீபடி என்ற ஊரில் நடந்த அமெரிக்க ஓபன் போட்டி. கோல்ப்பில் பந்தைக் குறைந்த தடவை அடித்து குழிகளில் போடுகிறவருக்கே வெற்றி. மொத்தம் 72 குழிகள். கடைசி நாளில் மட்டும் 36. காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. இரண்டுக்கும் சேர்த்து 12 கிலோ மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஆபரேஷன் ஆன உடம்பு சோர்ந்து போனது. ஆனாலும் அவர் விடவில்லை.

பேப் 291 அடிகளில் முடித்தார். அடுத்து வந்த பெட்டி ஹிக்ஸ் 303 அடிகள். வித்தியாசம் 12!

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் புற்றுநோய் என்ற வார்த்தையையே சொல்லக் கூச்சப்படுவார்கள். வந்தவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். பேப் எதையும் மறைக்கவில்லை. தனக்கு வந்தது என்ன, நடந்த ஆபரேஷன் என்ன என்று பகிரங்கமாகப் பேசினார். புற்றுநோய் நிதிக்காகப் பாடுபட்டார். நோயாளிகள் அவருக்குக் கடிதங்கள் எழுதிக் குவித்தார்கள்.

கடைசி நாள்

1955-ல் மேலும் 2 போட்டிகளில் ஜெயித்தார். பிறகு முதுகு வலி. நோய் திரும்பி வந்திருப்பதை இந்தத் தடவை அவரிடம் சொன்னார்கள்.

1956-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி கால்வெஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் பேப் இறந்தார். வயது 45. கோல்ப் மட்டைகள் அந்த அறையிலேயே இருந்தன. என்றைக்காவது எழுந்துபோய் ஆடலாம் என்று அவற்றை அங்கே வைத்திருந்தார்.