திருமலையின் குரலான எம்.எஸ். சுப்புலட்சுமி: சோதனைக் காலத்தில் உருவான பஞ்சரத்தினமாலை

திருப்பதி: திருப்பதி பூர்ணகும்பம் சந்திப்பில் கர்நாடக இசைப் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெண்கலச் சிலை 2006-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மதுரையில் பிறந்த அவருக்கும், அன்றைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இக்கோயில் நகருக்கும் இடையிலான உறவு நீண்டது.

1916 செப்டம்பர் 16-இல் பிறந்த சுப்புலட்சுமிக்கு, வீணைக் கலைஞரான தாய் சண்முகவடிவே முதல் குரு. சிறுமியாக இருந்தபோதே அவரது பாடல் இசைத்தட்டில் பதிவானது. 1938-இல் வெளியான 'சேவாசதனம்' திரைப்படத்தில் நடித்தார். 1940-இல் டி. சதாசிவத்தை மணந்தார். 1945-இல் வெளியான 'மீரா' அவரது புகழை நாடெங்கும் பரப்பியது. அதன்பின் திரையுலகை விட்டு விலகி, கச்சேரி மேடைக்கே தம்மை முழுவதுமாக ஒப்படைத்தார்.

1963-இல் எடின்பரோ விழாவில் பாடிய அவர், 1966-இல் நியூயார்க்கில் ஐ.நா. சபையில் கச்சேரி நிகழ்த்தினார். 1968-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் பெண்மணியானார்.

திருமலை அவரது வாழ்வில் நிலையான இடம் பெற்றதும் 1963-இல்தான். பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய வேங்கடேச சுப்ரபாதம் அவ்வாண்டு அவர் குரலில் இசைத்தட்டாக வெளிவந்தது. ஏழுமலையான் சந்நிதியில் விடியற்காலையில் ஓதப்படும் அத்துதி, தென்னக இல்லங்கள்தோறும் ஒலிக்கத் தொடங்கியது. அதன் உரிமத்தொகையைத் திருப்பதி வேதபாடசாலைக்கு அவர் வழங்கினார். தம் கச்சேரி வருவாயில் பெரும்பகுதியையும் அறப்பணிகளுக்கே ஈந்து வந்தார்.

1970-களின் பிற்பகுதியில் அக்குடும்பத்தைப் பொருள் நெருக்கடி சூழ்ந்தது. சதாசிவம் நடத்திய 'கல்கி' இதழ் கடன்சுமைக்கு உள்ளானதால், சென்னையில் அவர்கள் வாழ்ந்த 'கல்கி தோட்டம்' இல்லம் கைவிட்டுப் போனது. அறுபது வயதைக் கடந்த நிலையில் இருவரும் வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர்.

அந்நாளில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் முன்வந்தது. நன்கொடையை ஏற்க அத்தம்பதியர் ஒருப்படார் என்பதால், இசைப் பணி ஒன்றை ஒப்படைத்து அதற்குரிய ஊதியத்தை வழங்குவதே முறையெனக் கருதப்பட்டது. அப்போதைய செயல் அலுவலர் பி.வி.ஆர்.கே. பிரசாத் காலத்தில், ஐந்து இசைத்தட்டுகள் கொண்ட 'பாலாஜி பஞ்சரத்தினமாலை' உருவானது.

துதிகளுடன் அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளும் அத்தொகுப்பில் இடம்பெற்றன. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவரது பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, திருமலைக் கோயிலில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தவை. மூல மெட்டுகள் மறைந்துவிட்டதால் அவற்றுக்குப் புதிதாக இசையமைக்க வேண்டியிருந்தது. வித்வான் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி மெட்டமைத்த கீர்த்தனைகளை, உலகப் புகழ் பெற்றிருந்த சுப்புலட்சுமி ஒரு மாணவிக்குரிய பணிவுடன் அவரிடமே பாடம் செய்தார். சொற்களின் பொருளையும் உச்சரிப்பையும் ஐயமறத் தெளிந்த பின்னரே பாடுவது அவர் வழக்கம்.

அப்பதிவுகள் குடும்பத்தின் நெருக்கடியைத் தணித்தன. செப்பேடுகளில் உறைந்திருந்த அன்னமாச்சாரியாரின் பாடல்களுக்கும் தெலுங்கு நாட்டுக்கு அப்பால் புதிய கேட்போர் கிடைத்தனர்.

1997-இல் சதாசிவம் மறைந்தபின் சுப்புலட்சுமி மேடையேறவில்லை. 1998-இல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது; இசைக் கலைஞர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. 2004 டிசம்பர் 11-இல் சென்னையில் அவர் காலமானார். அவர் பாடிய சுப்ரபாதம் இன்றும் எண்ணற்ற இல்லங்களில் விடியலை அறிவிக்கிறது.