பந்தெறி வல்லார் பல்வங்கர் பாலூ

கிரிக்கெட்டு ஆட்டம் பயிலப் புகும் இளைஞர் முதற்கண் விரும்புவது மட்டையையே. கைதட்டலும் பேரும் அதனைப் பிடித்தவனுக்கே மிகுதியும் உரியவாகின்றன. பந்தெறிவோன் பாடோ வெயிலில் ஏருழுபவன் பாடு. விளைவைக் கண்டு மகிழ்வோர் உழவை நினைப்பதில்லை. பந்தெறியும் கலையைப் புதிதாய்க் கற்போர் எவ்வாறு தேர்ச்சி பெறலாம் என்று நம் மாணவ நண்பர் பலர் வினவுகின்றனர். அதற்கு விதிகளை அடுக்கி விடை கூறுவதினும், ஆசிரியர் எவருமின்றி அக்கலையைக் கற்று, தம் காலத்து இந்தியப் பந்தெறிவாருள் தலைசிறந்தவர் எனப் பெயர்பெற்ற ஒருவர் வரலாற்றை உரைப்பது நலமென்று எண்ணுகின்றோம்.

பல்வங்கர் பாலூ 1876-ஆம் ஆண்டளவில், இன்று கர்நாடக மாநிலத்திலுள்ள தார்வாரில் பிறந்தார். தோல் தொழிலுக்குரியதாகக் கருதப்பட்ட சமார் வகுப்பினர் அவர் பெற்றோர். அவ்வகுப்பினரை மேல்வகுப்பார் தீண்டாதார் என ஒதுக்கிவைத்த காலம் அது. தந்தையார் படையில் ஊழியம் செய்தவர். ஆதலின் குடும்பம் பூனா நகரில் வாழ்ந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடித் தேய்ந்து கழித்த மட்டையும் பந்துமே பாலூவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் முதல் ஆட்டக்கருவிகளாயின.

பள்ளிப் படிப்பு நெடிது செல்லவில்லை. பார்சி வகுப்பார் நடத்திய ஓர் ஆட்டக் கழகத்தில் திங்களுக்கு மூன்று ரூபாய்ச் சம்பளத்தில் பாலூ வேலைக்கமர்ந்தார். களத்தைப் பெருக்குவதும் உருளையிழுத்துச் சமன்செய்வதும் அவர் கடமை. இடையிடையே உறுப்பினர்க்குப் பந்தெறியும் வாய்ப்பும் கிடைத்தது. 1892-ஆம் ஆண்டில் ஐரோப்பியருடைய பூனாக் கழகத்திற்கு மாறினார். சம்பளம் ஒரு ரூபாய் உயர்ந்தது. வேலை அதனினும் உயர்ந்தது. உருளையிழுத்தல், கோடு கீறுதல், வலை கட்டுதல், டென்னிசுக் களத்தைப் பேணுதல் ஆகிய அனைத்தும் அவர் தலைமேல் விழுந்தன. அப்போது அவருக்கு வயது பதினாறு அல்லது பதினேழு; நம்மினும் இளையர்.

அக்கழகத்தில் திராஸ் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் இவ்விளைஞரை வலைப்பயிற்சியில் பந்தெறியுமாறு ஊக்கினார். பாலூ இடக்கையர், மெல்லெறியாளர். பார்ட்டன் என்னும் படைத்தலைவர் ஒருவரும் இடக்கையால் எறிபவராதலின், தங்கு தடையின்றி ஒழுகும் அவருடைய எறிமுறையை நாடோறும் நோக்கித் தமக்கு மாதிரியாகக் கொண்டார். புதிதாய்ப் பயில்வோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். பலர் இன்றொருவரையும் நாளை மற்றொருவரையும் பார்த்துக் கையையும் காலையும் மாற்றிக்கொண்டேயிருப்பர். பாலூ தம் உடலமைப்பிற்கும் கைக்கும் ஒத்த ஒருவரைத் தெரிந்து, அம்மாதிரியைப் பற்றிநின்றார்.

கழகத்தின் சிறந்த மட்டையாளர் கிரெய்க்கு என்னும் படைத்தலைவர். உருவிற் சிறியவர், காலசைவில் மிக விரைவுடையவர். (இவர் முதுமையில் கத்தோலிக்கக் குருவாக அபிஷேகம் பெற்றது வியப்பிற்குரிய தனிக்கதை.) ஏனையோர் வருதற்கு ஒரு மணி நேரம் முன்னரே இவர் வலைக்கு வந்து பாலூவைப் பந்தெறியச் செய்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யுந்தோறும் எட்டணா பரிசளித்தார் என்றொரு கதையும் வழங்குகின்றது. கதை மெய்யோ புனைவோ, நாடோறும் ஒரு நல்ல மட்டையாளருக்கு எறிந்துவந்தது பாலூவுக்குப் பெருவாய்ப்பாயிற்று என்பதில் ஐயமில்லை. திறமையற்றவனுக்கு எறிந்தால் தீய பந்துக்கும் விக்கெட்டுக் கிடைக்கும். எறிபவன் தன் குறையை அறியான். கிரெய்க்கோ குறுகி விழுந்த பந்தையும் மிகுந்து விழுந்த பந்தையும் அக்கணமே அடித்து விரட்டுவார். அவ்வாறு அடிபட்டு அடிபட்டே, வேண்டிய இடத்தில் பந்தை வீழ்த்தும் துல்லியம் இளைஞர் கைக்கு வந்தது.

துல்லியம் கைவந்த பின்னரே வேற்றுமைகள் வந்தன. இடக்கையாளர் விரலால் சுழற்றிய பந்து, வலக்கை மட்டையாளரின் காற்புறமிருந்து வெளிப்புறம் நோக்கி விலகிச் செல்லும். அதையே எதிர்நோக்கி மட்டையை நீட்டுபவனுக்கு, அதே கையசைவில் வந்து உட்புறம் திரும்பும் பந்தொன்று எமனாகும். பாலூ இருபுறமும் பந்தைத் திருப்ப வல்லவரானார். ஒரு பந்தை உயர எறிவார். அடுத்ததைத் தாழ எறிவார். வேகத்தையும் சிறிது கூட்டிக் குறைப்பார். களத்தைத் தாமே காலைதோறும் உருட்டியவராதலின், ஈரம் எங்கே நிற்கும், எவ்விடம் விரைவில் உலரும் என்னும் மண்ணறிவும் அவருக்கு உடன் வளர்ந்திருக்கும் என்று நாம் எண்ணுதல் தவறாகாது. மழை நனைத்த களங்களை மூடாது விட்ட அக்காலத்தில் அவ்வறிவு பாதி வெற்றி.

இத்தனை காலமும் அக்கழகத்தார் ஒருநாளேனும் அவரை மட்டை பிடிக்க விட்டாரில்லை. பந்தெறிதல் உழைப்பென்றும் மட்டை பிடித்தல் பெருமக்கள் உரிமையென்றும் அவர்கள் கருதினர் போலும்.

இவர் திறமை நகரிற் பரவவே, பூனா இந்துக் கழகத்தார்க்கு ஓர் இக்கட்டு நேர்ந்தது. ஐரோப்பியரை வெல்ல இவர் வேண்டும்; ஆனால் பிராமணர் நிறைந்த குழுவில் இவரைச் சேர்ப்பது எங்ஙனம்? உறுப்பினர் சிலர் எதிர்த்தனர், சிலர் வற்புறுத்தினர். இவரை விலக்குவது இந்துக்களுக்கே இழப்பென்று கிரெய்க்கும் கூறியதாகச் சொல்வர். முடிவில் சேர்த்துக்கொண்டனர். களத்தில் எல்லாரும் அவர் தொட்ட பந்தைத் தொட்டனர். சிற்றுண்டி வேளையிலோ அவருக்குத் தேநீர் மண்டபத்திற்கு வெளியே, பின்பு உடைத்தெறியப்படும் மட்கலத்தில் தரப்பட்டது. உணவு தனித்தட்டில், தனியிடத்தில். முகங்கழுவ நீர் வேண்டின், அவர் வகுப்பைச் சார்ந்த ஊழியன் ஒருவனே ஒரு மூலையில் கொணர்ந்து ஊற்றுவான். பந்து தீட்டுப்படாதாம், கோப்பை தீட்டுப்படுமாம்! இந்த நியாயத்தை வகுத்த அறிவை என்னென்பது?

சாத்தாராவில் ஐரோப்பியக் கழகத்தோடு நடந்த ஆட்டமொன்றில், இவருடைய சுழற்சியைக் கெடுக்கும் பொருட்டுக் களத்தை ஒரு வாரம் உருட்டி இறுக வைத்தனர். பாலூ அக்களத்திலும் ஏழு விக்கெட்டுகள் வீழ்த்தினார். நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவரை வெளிப்படையாகப் பாராட்டினார். அதன்பின் பூனாவில் நிலைமை சிறிது இளகியது.

1896-ஆம் ஆண்டிற் பரவிய கொள்ளைநோயை ஒட்டிப் பாலூ பம்பாய் சேர்ந்தார். அங்கே இரயில்வே கம்பெனியொன்றில் வேலை பார்த்துக்கொண்டு, பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவில் ஆடினார். அங்கும் முதலில் எதிர்ப்பெழுந்து அடங்கியது. நாளடைவில் அங்கே ஏனை உறுப்பினருடன் ஒருங்கிருந்து உண்ணவும் பெற்றார். 1906-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்துக் குழுவினர் பம்பாய் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றனர். அவ்வெற்றிக்குப் பாலூவின் பந்தெறி முதன்மையான காரணங்களுள் ஒன்று.

1911-ஆம் ஆண்டில் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அனைத்திந்தியக் குழு இங்கிலாந்து சென்றது. குழு தோற்ற ஆட்டங்களே பல. ஆனால் பாலூ மட்டும் எல்லா ஆட்டங்களிலுமாக 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அவற்றுள் 75 முதல்தர ஆட்டங்களில் பெற்றவை. கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகத்தாருக்கு எதிராக ஒரே இன்னிங்சில் எட்டு. தம்பி சிவராமும் உடன்சென்று மட்டையால் புகழெய்தினார். முப்பத்தைந்து வயதில், பழக்கமில்லாத குளிரிலும் மெல்லிய களங்களிலும் இதனைச் செய்தவர், அடிப்படையைச் செவ்வையாகப் பயின்றவராகவே இருத்தல் வேண்டும்.

இத்தகையவரை இந்துக் குழுவின் தலைவராக்க அதன் நிர்வாகிகள் ஒருபோதும் முன்வரவில்லை. நண்பர்கள் ஆண்டுதோறும் வேண்டினர்; ஆண்டுதோறும் மேல்வகுப்பாரே அமர்த்தப்பட்டனர். 1920-ஆம் ஆண்டின் நான்முனைப் போட்டியில் பாலூ குழுவினின்றே நீக்கப்பட்டபோது, தம்பியர் சிவராமும் விட்டலும் அறிக்கை விடுத்து ஆட்டத்தினின்று விலகினர். நிர்வாகிகள் இறங்கிவந்தனர்; பாலூ துணைத்தலைவராக அழைக்கப்பட்டார். தலைவர் பை என்பார், பார்சிகளோடு ஆடியபோது சிறிது நேரம் களத்தைவிட்டு நீங்கி, அப்பொழுது பாலூ குழுவை நடத்துமாறு செய்தார். அவர் பெற்ற தலைமை அச்சிறு பொழுதே. விட்டல் 1923-இல் முறைப்படி தலைவராகிக் குழுவுக்கு வெற்றியும் தேடித்தந்தார். அண்ணன் உருட்டிய களத்தில் தம்பி ஓடினார் என்று சொல்லலாம்.

பிற்காலத்தில் பாலூ அரசியலிற் புகுந்தார். இளமையில் அவரைப் பெரிதும் மதித்தவர் டாக்டர் அம்பேத்கர். ஆயினும் தனித்தொகுதி பற்றிய வழக்கில் இருவரும் வேறு வேறு வழி நின்றனர். பாலூ, சென்னை எம். சி. ராஜா அவர்களைப் போலவே, கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். இந்தியக் குழு தன் முதல் டெஸ்டு ஆட்டத்தை இலண்டனில் ஆடிய 1932-ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர்த் திங்களில், தாம் உருளையிழுத்த அதே பூனா நகரில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோருள் அவரும் ஒருவர். டெஸ்டு ஆட வயது கடந்துவிட்டது. அவர் ஆடிய காலத்தில் இந்தியாவுக்கு டெஸ்டு இல்லை.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலூ 11,225 வாக்குகளும் பெற்றனர். அவரை அப்போட்டியில் நிறுத்தியது அவருக்குச் செய்த நன்மையன்று என்பது நம் கருத்து. ஆயின் தோற்றும் அவர் பெற்ற வாக்கின் தொகை, மக்கள் அவரை மறக்கவில்லை என்பதைக் காட்டுகின்றது.

முதல்தர ஆட்டங்கள் 33. வீழ்த்திய விக்கெட்டுகள் 179. விக்கெட்டு ஒன்றுக்குக் கொடுத்த ஓட்டங்கள் சராசரி 15.21. ஏடுகளில் எஞ்சி நிற்கும் கணக்கு இதுவே. பூனா வலையில் கிரெய்க்குக்கு எறிந்த பந்துகளை எண்ணியவர் எவருமிலர். பாலூ 1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் பம்பாயில் காலமானார்.