எண்ணி ஆடிய ஏந்தல்



நமது பெங்களூரில் 1876-ஆம் ஆண்டிலேயே கோல்ப் கழகம் தோன்றிவிட்டது. ஆயினும், அது செல்வர் ஆட்டம், நமக்கு அதில் என்ன வேலை என்று எண்ணுவோரே நம்மிடையே மிகுதி. நான் அவ்வாட்டத்தில் ஒரு கற்றுக்குட்டி. பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்க எனக்கு நூறு அடிகளுக்கு மேல் ஆகும். குறைந்த அடிகளில் முடிப்பவனே வெல்லும் ஆட்டம் அது. என் கணக்கைக் குறைக்க வழி தேடியபோது கிடைத்ததே பாபி ஜோன்ஸின் வாழ்க்கை. மட்டையைத் தொட்டறியாத தோழர்களுக்கும் அதில் பாடம் உண்டு என்பதால் இங்கே எழுதத் துணிந்தேன்.

ஜோன்ஸ் 1902 மார்ச் 17-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பிறந்தார். நோயுற்று மெலிந்த குழந்தை. ஈஸ்ட் லேக் திடலில் ஸ்டூவர்ட் மெய்டன் என்னும் ஸ்காட்லாந்து ஆசானின் பின்னே நடந்து, அவர் வீச்சைக் கண்டே தம் வீச்சைப் பழகிக்கொண்டார். 1916-இல், பதினான்காம் வயதிலேயே, அமெரிக்க அமெச்சூர் போட்டியில் கால் இறுதிவரை முன்னேறினார். நாடே வியந்தது.

ஆனால், அதன் பின் நடந்ததென்ன? 1922 முடியும்வரை பெரும் பட்டம் ஒன்றுகூட அவர் கைக்கு எட்டவில்லை! கைத்திறனில் குறையா? இல்லை. சினமே அவருக்குப் பகையாயிற்று. பந்து தவறினால் மட்டை பறக்கும். 1921-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில், மூன்றாம் சுற்றின் முதல் ஒன்பது குழிகளுக்கே 46 அடிகள் ஆயின. பதினோராம் குழியில் பந்து மணற்பள்ளத்தில் சிக்கவே, போட்டியையே கைவிட்டு வெளியேறினார்.

அவரை மாற்றியது புதிய மட்டையன்று, புதிய எண்ணமே. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஓர் அளவு உண்டு. அதற்குப் ‘பார்’ என்று பெயர். எதிராளியை மறந்து, அந்தப் பாரையே ஒரு முதியவராக உருவகித்து, அவரோடு மட்டும் ஆடுவது என்று ஜோன்ஸ் முடிவு செய்தார். எதிராளியின் நற்பேறு கண்டு பதறவேண்டிய தேவை அன்றோடு ஒழிந்தது. தம் பிழை ஒன்றை வீம்பினால் மூன்றாக்கும் பழக்கமும் குறைந்தது.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கோல்ப் திடலிலும் அவையே சட்டம் என்பேன். மரங்களிடையே பந்து விழுந்தால், கிளைகளின் இடுக்கு வழியே கொடியை நோக்கி அடிக்கவே மனம் துடிக்கும். பக்கவாட்டில் திறந்த வெளிக்குத் தட்டிவிடுபவன் ஓர் அடியோடு தப்புகிறான். கொடி மணற்பள்ளத்தின் ஓரம் நின்றால், புல்தரையின் நடுவை நோக்குபவனே அறிவாளி. பத்தில் ஒருமுறை வாய்க்கும் வீச்சை நம்பாமல், பத்தில் எட்டுமுறை வாய்க்கும் வீச்சை நம்பவேண்டும்.

எச்சரிக்கை என்றால் அச்சம் என்று கொள்ளவேண்டா. 1923-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியின் மறு ஆட்டத்தில், கடைசிக் குழிக்கு வந்தபோது ஜோன்ஸும் குரூக்ஷாங்கும் சமநிலை. குரூக்ஷாங்கின் முதல் வீச்சு பிழைத்தது. அவர் நீருக்கு இப்பாலேயே பந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. காலமறிந்த ஜோன்ஸ், நீரைத் தாண்டித் துணிந்து அடித்துக் குழியருகே பந்தைச் சேர்த்தார். முதற் பட்டம் கிட்டியது.

1926-இல் சன்னிங்டேல் திடலில் அவர் ஆடிய 66 அடிகள் இன்றும் பேசப்படுகின்றன. அவற்றில் சரிபாதி, 33 அடிகள், புல்தரையில் மெல்ல உருட்டியவை! முழு வலிமையோடு வீசுவதையே பயிற்சி என்று எண்ணும் நம் போன்றோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

1925-இல், நீண்ட புல்லில் கிடந்த பந்து தம் மட்டை நெருங்கியபோது சிறிது அசைந்ததென்று தாமே கூறி, ஓர் அடி தண்டம் ஏற்றார். வேறு எவரும் அதைக் காணவில்லை. அந்த ஓர் அடியால் போட்டி சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டத்தில் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை இழந்தார். கணக்கைக் குறைக்க விரும்புவோன் கணக்கில் பொய் சொல்லலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவர் நம்மைப்போல் மாணவராகவே ஆடியவர் என்பது நமக்குப் பெருமை. பொறியியலும், ஹார்வர்டில் ஆங்கில இலக்கியமும் பயின்று பட்டம் பெற்றார். பின் சட்டம் கற்று வழக்கறிஞரானார். பரிசுப் பணத்துக்கு ஆடியதில்லை. 1930-இல் பிரிட்டன், அமெரிக்கா இரு நாடுகளின் ஓப்பன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் ஒரே ஆண்டில் வென்று, இருபத்தெட்டாம் வயதில் போட்டிகளினின்று விலகினார்.

1948-இல் தண்டுவட நோய் அவரைப் பற்றியது. கால்கள் தளர்ந்தன, சக்கர நாற்காலியே துணையாயிற்று. சினத்தால் மட்டையை எறிந்த மனிதர், இருபதாண்டுகளுக்கு மேல் அந்நோயைப் பொறுமையோடு தாங்கி, 1971 டிசம்பர் 18-இல் மறைந்தார். 1921-இல் அவர் பாதியில் விட்டுச் சென்ற அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் 1927-இல் ஆறு அடி வேறுபாட்டில் வென்றார். 1958-இல் அந்நகர் அவருக்குக் குடியுரிமை வழங்கிச் சிறப்பித்தது. பெஞ்சமின் பிராங்க்ளினுக்குப் பின் அப்பேறு பெற்ற முதல் அமெரிக்கர் அவரே.

தோழர்களே! தேர்வுக் கூடத்தில் கடினமான வினா ஒன்று நம்மை மறித்து நிற்கும். அதனோடு மல்லுக்கட்டி நேரத்தை இழப்பதா, பக்கவாட்டில் வெளியேறி அடுத்த வினாவைப் பற்றுவதா? ஜோன்ஸ் எதைச் செய்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு பேனாவை எடுங்கள்.