புலியைச் சுட்டவர், புலியைக் காத்தவர்!

436 பேர்!

ஒரே ஒரு பெண் புலி கொன்று தின்ற மனிதர்களின் எண்ணிக்கை இது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்ற அந்தப் புலி, அங்கிருந்து துரத்தப்பட்டு, இமயமலையின் குமாவுன் பகுதிக்கு வந்தது. அங்கே 236 பேரைக் கொன்றது. சம்பாவத் என்ற ஊரில் மக்கள் கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள்.

1907-ம் ஆண்டு, அந்தப் புலியைச் சுட ஒருவர் வந்தார். அவர்தான் ஜிம் கார்பெட்.

காடே பள்ளிக்கூடம்

கார்பெட் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி நைனிடாலில் பிறந்தார். வெள்ளைக்காரக் குடும்பம். தந்தை தபால் அதிகாரி. ஜிம் சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். தாயார்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்.

குளிர்காலத்தில் குடும்பம் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கிக்கு வந்துவிடும். அங்கே காடுதான் ஜிம்முக்குப் பள்ளிக்கூடம். காலடித் தடத்தைப் பார்த்தே எந்த விலங்கு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார். பறவைகளைப் போலவும் விலங்குகளைப் போலவும் குரல் கொடுப்பார்.

வளர்ந்ததும் ரெயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட்டில், சரக்குகளை மாற்றி ஏற்றும் வேலையை 20 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்.

உடைந்த பல்

சம்பாவத் புலியைச் சுடக் கார்பெட் இரண்டு நிபந்தனைகள் போட்டார். பரிசுத் தொகை அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் விலக வேண்டும். சர்க்கார் சம்மதித்தது.

புலி கடைசியாகக் கொன்றது ஓர் இளம்பெண்ணை. மறுநாள் தாசில்தார் ஊர் மக்களைத் திரட்டினார். ஏறக்குறைய 300 பேர் மலைமேல் நின்று தப்பட்டை கொட்டிக் கூச்சல் போட்டார்கள். பதுங்கியிருந்த புலி வெளியே பாய்ந்தது. கார்பெட் சுட்டார். குண்டுகள் தீர்ந்துவிட்டன, புலியோ இன்னும் சாகவில்லை! ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்து அதை வீழ்த்தினார்.

ஊரே மகிழ்ந்தது. கார்பெட் புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. யாரோ ஒரு வேட்டைக்காரர் முன்பு சுட்ட குண்டு செய்த வேலை! மானைப் பிடிக்க முடியாத புலி, மனிதனைப் பிடித்தது.

புலி பிறவியிலேயே மனிதனுக்குப் பகை அல்ல. காயமும் முதுமையுமே அதை ஆட்கொல்லி ஆக்குகின்றன என்று கார்பெட் பிற்காலத்தில் எழுதினார்.

யாத்திரை வழியில் எமன்

கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை வழியில் உள்ளது ருத்ரபிரயாகை. அங்கே ஒரு சிறுத்தை 8 ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றது. பொழுது சாய்ந்தால் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள்.

கார்பெட் மாமரத்தில் ஏறி, இரவு இரவாகக் காத்திருந்தார். கீழே கழுத்தில் மணி கட்டிய ஆடு. 1926-ம் ஆண்டு மே மாதம் ஓர் இரவில் மணி ஒலித்தது. துப்பாக்கி வெடித்தது. சிறுத்தையின் கதை முடிந்தது.

துப்பாக்கிக்குப் பதில் கேமரா

மக்களைக் காக்க ஆட்கொல்லிகளைச் சுட்ட கார்பெட்டின் மனத்தை, வேறொரு காட்சி வருத்தியது. பொழுதுபோக்குக்காகப் பலர் புலிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். இப்படியே போனால் புலி இனமே அழிந்துவிடும் என்று அவர் அஞ்சினார். கேமராவைக் கையில் எடுத்தார். புலிகளைச் சினிமாப் படம் பிடித்தார். பள்ளிக்கூடங்களுக்குச் சென்று, காட்டைக் காக்க வேண்டும் என்று பேசினார்.

1936-ம் ஆண்டு, ராமகங்கை நதிக்கரையில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. கவர்னர் ஹெய்லியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அதை அமைப்பதில் கார்பெட் பெரும் துணையாக இருந்தார்.

காட்டு விலங்கால் விவசாயி படும் துன்பத்தையும் அவர் மறக்கவில்லை. மணிலாக் கொல்லைக்குள் காட்டுப்பன்றி புகுந்தால் என்ன ஆகும் என்பது வானூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். கார்பெட் தமது சோட்டி ஹல்துவானி கிராமத்தைச் சுற்றிப் பல மைல் நீளத்துக்குக் கற்சுவர் எழுப்பினார். பயிரும் பிழைத்தது; விலங்கும் பிழைத்தது.

கடைசி நாட்கள்

கார்பெட் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1947-ல் தமக்கை மேகியுடன் கென்யாவுக்குப் போய்விட்டார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந்தேதி, நியேரி நகரில் மாரடைப்பால் காலமானார். அவருடைய கிராமத்து நிலம், உழுத குடியானவர்களுக்கே சேர்ந்தது.

சில ஆண்டுகளுக்குள் அந்தப் பூங்காவுக்குக் கார்பெட்டின் பெயர் சூட்டப்பட்டது. 1973-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

திண்டிவனத்திலிருந்து போகிறவர்கள் சென்னை, டெல்லி வழியாக ராம்நகருக்கு ரெயிலில் போகலாம். பூங்காவின் உட்பகுதியான டிகாலா, மழைக்காலம் முடிந்து நவம்பர் நடுவில் திறக்கும். புல்வெளிகள் பொன்னிறமாக மாறும் காலம் அது. யானைக் கூட்டங்களையும் புள்ளிமான்களையும் ஆற்று முதலைகளையும் பார்க்கலாம். ஆனால், கார்பெட் நடந்து திரிந்த அந்தக் காட்டுக்குள் இன்று யாரும் இஷ்டம்போல் நடக்க முடியாது. ஜீப்பில் போகலாம். விலங்குகளின் வீடு அது!

2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தக் காட்டில் 260 புலிகள் இருந்தன. இந்தியாவின் புலிக் காடுகளில் அதுதான் முதலிடம்.