ஒரு திங்கள் ஆசிரியர் அலெய்ன் லாக்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

இதழ்களை ஆண்டுக்கணக்கில் நடத்திப் புகழ் பெற்றோர் பலர். பிறர் நடத்தும் இதழுக்கு ஒரு திங்கள் மட்டும் ஆசிரியராக இருந்து வரலாற்றில் இடம்பெற்றோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் அலெய்ன் லாக். 1925 மார்ச் மாதம் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ஒரு சிறப்பிதழே அவர் பெயரை நிலைநிறுத்தியது. அவ்விதழ் உருவான கதை அவர் வாழ்க்கையின் நடுப்பகுதி. அதைச் சொல்லுமுன் முற்பகுதியைச் சிறிது பார்ப்போம்.

லாக் 1885 செப்டம்பர் 13 அன்று பிலடெல்பியா நகரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே இதயம் நலிந்தது. உருவமும் மெலிந்த சிறிய உருவம். தந்தை சட்டம் படித்தவர். மகன் சிறுவனாக இருந்தபோதே காலமானார். தாயார் பள்ளி ஆசிரியை. ஆகவே நம்மில் பலரைப் போலக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர் அல்லர் அவர். வீட்டில் நூல்கள் இருந்தன. படிக்கச் சொல்ல ஆள் இருந்தது. ஆனால், வெளியே கதவுகள் சாத்தியிருந்தன.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தேறி 1907இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்றார். அதனைப் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பினத்தவர் அவரே. ஆக்ஸ்போர்டு சென்றதும் கல்லூரிகள் பல அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. இறுதியில் ஹெர்ட்போர்டு கல்லூரி இடம் கொடுத்தது. அங்கிருந்த அமெரிக்க மாணவர்கள் நன்றியறிதல் நாள் விருந்து வைத்தபோது நாட்டுக்காரரான இவருக்கு அழைப்பு இல்லை. காலனி நாடுகளிலிருந்து வந்து படித்த மாணவர்களே அவருக்கு உற்ற துணையாயினர். பட்டம் பெறாமலே 1910இல் ஆக்ஸ்போர்டை விட்டார். பெர்லினில் சிறிது காலம் படித்தார். 1912இல் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1918இல் ஹார்வர்டில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இவருக்குப் பிறகு இன்னொரு கறுப்பின அமெரிக்கர் ரோட்ஸ் உதவித்தொகை பெற 1963 வரை காத்திருக்க நேர்ந்தது என்றால் காலத்தின் போக்கை உணரலாம்.

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டுக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி அவர்களின் பெருநகரமாக வளர்ந்தது. இம்மக்களைப் பற்றி அக்கால இதழ்கள் எழுதாமலில்லை, எழுதின. வறுமை, நோய், குற்றம், வீட்டு நெருக்கடி என்று எழுதின. இரக்கத்தோடு எழுதியவர்களும் ஒரு சிக்கலாகவே அவர்களைக் கண்டனர். இது நமக்குப் புரியாத செய்தி அன்று. எங்கள் ஊரைப் பற்றிய அறிக்கைகளில் குடிசை எத்தனை, எழுதப் படிக்கத் தெரியாதோர் எத்தனை பேர் என்ற கணக்கு இருக்கும். நாற்று நடும்போது இட்டுக்கட்டிப் பாடத் தெரிந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு எதிலும் இராது.

1924 மார்ச் 21 அன்று நியூயார்க்கில் சிவிக் கிளப் என்னும் மன்றத்தில் ஒரு விருந்து நடந்தது. ஆப்பர்ச்சூனிட்டி என்ற இதழின் ஆசிரியர் சார்லஸ் ஜான்சன் அதனை ஏற்பாடு செய்தார். ஜெஸ்ஸி பாசெட் என்னும் எழுத்தாளரின் முதல் நாவல் வெளிவந்ததை ஒட்டிய விருந்து அது. விருந்தை நெறிப்படுத்தியவர் லாக். இளங்கவிஞர் கவுன்ட்டி கல்லன் கவிதை படித்தார். வந்திருந்தோரில் ஒருவர் பால் கெல்லாக். சமூக ஆய்வுக்குப் பெயர் பெற்ற சர்வே கிராஃபிக் இதழின் ஆசிரியர் அவர். அவ்விதழ் அயர்லாந்து, ரஷ்யா, மெக்சிகோ ஆகிய நாடுகளின் புத்தெழுச்சிக்குச் சிறப்பிதழ்கள் வெளியிட்டிருந்தது. அன்று கேட்ட குரல்களுக்கும் ஓர் இதழ் முழுவதையும் ஒதுக்கலாமே என்ற எண்ணம் கெல்லாக்குக்கு எழுந்தது. அதனைத் தொகுக்கும் பொறுப்பு லாக்கிடம் வந்தது. தம் நாவலுக்குரிய மாலை தம்மை விட்டு நகர்ந்து போனதைப் பாசெட் பின்னாளில் மனக்கசப்போடு நினைவுகூர்ந்தார். அந்தக் கசப்பில் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிறப்பாசிரியர் பணி என்றால் கட்டுரைகளை வாங்கி அடுக்கி அச்சகத்துக்கு அனுப்புவது என்று பலர் எண்ணுகின்றனர். வீடு இன்னொருவருடையது, சமையல் மட்டும் நம்முடையது என்ற நிலை அது. வீட்டுக்காரரின் வழக்கத்தையும் மதிக்க வேண்டும். வந்து உண்பவர்களுக்கு நம் சுவையையும் காட்ட வேண்டும். கெல்லாக்கின் வாசகர்கள் சமூகப் பணியாளர்கள். அவர்களுக்கு வேண்டியவை புள்ளிவிவரமும் நிலைமை ஆய்வும். லாக் விரும்பியதோ இம்மக்களின் கலையும் சிந்தனையும் பேச வேண்டும் என்பது. முதலில் எல்லை வகுத்தாக வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அனைவரையும் ஓர் இதழில் சொல்ல முயல்வது கடலைக் குடத்தில் அடைக்கும் வேலை. எனவே ஹார்லெம் என்ற ஒரே இடம் களமாயிற்று.

அடுத்தது எழுதுவோரைத் தேடுதல். அந்தக் கோடையில் லாக் ஐரோப்பா சென்றார். பாரிசில் ஓர் இரவு விடுதியின் சமையலறையில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஓர் இளைஞரைத் தேடிப்போய்ச் சந்தித்துக் கவிதை கேட்டார். அவர்தான் பிற்காலத்தில் உலகறிந்த லாங்ஸ்டன் ஹியூஸ். ஆக்ஸ்போர்டு கண்ட தத்துவப் பேராசிரியர் பாத்திரம் கழுவும் இளைஞரைத் தேடிச் சென்றார் என்பதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்.

சேர்ந்தவர்களின் வகையைப் பாருங்கள். டு பாய்ஸ், ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் போன்ற மூத்தோர் ஒருபுறம். புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்து வங்கியில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே தம் இனத்தின் பழைய நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்த ஆர்தர் ஷோம்பர்க் ஒருபுறம். ஜமைக்காவிலிருந்து வந்த டொமிங்கோ, தீவுகளிலிருந்து குடியேறியவர்களைப் பற்றி எழுதினார். கறுப்பினப் பெண்ணின் இரட்டைச் சுமையைப் பள்ளி ஆசிரியையான எலிஸ் மெக்டூகால்ட் எழுதினார். அறிவியல் மாணவர்கள் மகிழ ஒரு செய்தி: ஹார்லெம் வாழ்க்கைச் சித்திரங்களை எழுதிய ருடால்ப் பிஷர் மருத்துவர், பின்னாளில் எக்ஸ்ரே துறையில் வல்லுநரானவர்.

இதழ் மூன்று பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி ஹார்லெம் என்னும் சமுதாயத்தைக் காட்டியது. இரண்டாவது அம்மக்களே தம்மை வெளியிட்டுக்கொள்வது. மூன்றாவது இரு நிறத்தாரின் உறவு. சிக்கல்கள் மறைக்கப்படவில்லை, ஆனால் அவை முன்வாசலில் நிறுத்தப்படவில்லை. முதலில் ஊரைப் பார்க்கிறோம்; பிறகு பாட்டைக் கேட்கிறோம்; அதன் பிறகே வழக்கு வருகிறது. இந்த வரிசையில்தான் லாக்கின் கைத்திறன் இருக்கிறது என்பது என் கருத்து.

தமக்கு உடன்படாதவருக்கும் அவர் இடம் கொடுத்தார். மானிடவியலாளர் ஹெர்ஸ்கோவிட்ஸ், ஹார்லெம் மற்ற அமெரிக்க ஊர்களைப் போன்றதே, தனிப் பண்பாடு ஒன்றும் அங்கில்லை என்ற பொருள்பட எழுதினார். லாக்கின் அடிப்படைக் கருத்துக்கே அது எதிரானது. ஆயினும் அச்சேறியது. ஹார்லெமில் ஏழைகளை ஏய்த்துப் பிழைப்பவர்களைப் பற்றிய இருண்ட கட்டுரை ஒன்றும் இடம்பெற்றது. பின்னர் இதழ் நூலானபோது அக்கட்டுரை விடுபட்டுப் போனது. அதை வைத்திருக்கலாம்.

சர்வே கிராஃபிக்கின் 1925 மார்ச் இதழ், ஹார்லெமைப் புதிய நீக்ரோவின் மெக்கா என்று தலைப்பிட்டு வந்தது. நீக்ரோ என்ற சொல்லை இன்று நாம் தவிர்க்கிறோம். அன்று அவர்கள் தமக்கே தலைநிமிர்ந்து சூட்டிக்கொண்ட பெயர் அது. இதழ் விற்றுத் தீர்ந்து மறுபடியும் அச்சிடப்பட்டது. மொத்தம் சுமார் 42,000 படிகள் விற்றன. வழக்கமான விற்பனையைப் போல இரு மடங்கு.

பாராட்டோடு ஏச்சும் வந்தது. இதழுக்கு உருவப்படங்கள் வரைந்தவர் ஜெர்மனியில் பிறந்த வினோல்டு ரைஸ். கறுப்பு நிறத்தைக் கறுப்பாகவே, கண்ணியத்தோடு வரைந்தார் அவர். மூலப் படங்கள் ஹார்லெமின் 135ஆம் தெரு நூலகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, பள்ளி ஆசிரியைகள் இருவரின் படத்தைக் கண்டு ஹார்லெம்காரர்களே சிலர் சினந்தனர். நம்மை இப்படியா காட்டுவது என்பது அவர்கள் குறை. அழகு என்றால் வெளுப்பு என்று நம் திருமண வீடுகளில் இன்றும் எண்ணுவோர் உண்டல்லவா? லாக் ஓவியரை விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வாண்டு மே மாதம் ஆப்பர்ச்சூனிட்டி இதழில் மறுப்புக் கட்டுரை எழுதினார்.

இதே துணிவை அவர் எல்லா இடத்திலும் காட்டினார் என்று சொல்ல முடியாது. கவிஞர் கிளாட் மெக்கேயின் சினம் மிகுந்த கவிதை ஒன்றை வெளியிட மறுத்தார். வெள்ளை மாளிகை என்ற கவிதையின் தலைப்பைக் குடியரசுத் தலைவரின் இல்லம் என்று யாரேனும் பொருள் கொண்டுவிடுவர் என அஞ்சி, வெள்ளை வீடுகள் என்று கவிஞரைக் கேளாமலே பன்மையாக்கி நூலில் அச்சிட்டார். ஓர் எழுத்துத்தான் கூடியது. கவிதையின் கூர் போயிற்று. மெக்கே அதனை மன்னிக்கவேயில்லை. வீட்டுக்காரரின் மனம் கோணக்கூடாதே என்ற அச்சமும் அந்தத் திருத்தத்தில் கலந்திருந்திருக்கலாம்.

இதழ் வந்த மூன்றே மாதங்களில், 1925 ஜூன் மாதம், ஹோவர்டு பல்கலைக்கழகம் லாக்கை வேலையிலிருந்து நீக்கியது. கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளை ஆசிரியர்களுக்கும் ஊதியத்தில் வேறுபாடு கூடாது என்று குரல் எழுப்பியோரில் அவரும் ஒருவர். நாடே பேசிய ஓர் இதழின் ஆசிரியர் வேலையற்றவரானார். அந்த நாட்களில்தான் சிறப்பிதழை விரிவாக்கி, புதிய கதைகளும் கட்டுரைகளும் சேர்த்து, நியூ நீக்ரோ என்னும் நூலாக அவ்வாண்டின் இறுதியில் வெளியிட்டார். ஹார்லெம் மறுமலர்ச்சி என்று இலக்கிய வரலாறு சொல்லும் இயக்கத்தின் கைநூலாக அது இன்றும் படிக்கப்படுகிறது. ஹோவர்டில் முதல் கறுப்பினத் தலைவராக மார்டிகாய் ஜான்சன் 1926இல் பொறுப்பேற்றார். 1928இல் லாக் மீண்டும் அங்குப் பணியில் சேர்ந்தார்.

பதினேழு ஆண்டுகள் கழித்து அதே சர்வே கிராஃபிக் அவரை மறுமுறையும் அழைத்தது. 1942 நவம்பர் சிறப்பிதழ் அது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளை. இம்முறை களம் ஒரு தெருவோ நகரமோ அன்று. மக்களாட்சி முடிக்காமல் விட்டிருந்த நிற வேற்றுமை என்னும் கணக்கே பொருள்.

அந்த இதழ் 1952இல் நின்றது. லாக் 1954 ஜூன் 9 அன்று நியூயார்க்கில் காலமானார். அவருடைய சாம்பல் பல ஆண்டுகள் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் காத்துக் கிடந்தது. 2014 செப்டம்பர் 13 அன்று, அவருடைய பிறந்த நாளில், வாஷிங்டனிலுள்ள காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில் அது அடக்கம் செய்யப்பட்டது.